ஒரே வீட்டுல ஒரே ஃப்ளூ: அத்தையோட என்கே செல்லுக்கு என்ன ஆச்சு

2017 ஜூலை மாசம். ரங்கூன்ல மழை விடாம கொட்டிக்கிட்டு இருந்துச்சு, சின் மாநிலத்துலயும் இங்கயும் எச்1என்1 ஃப்ளூ வந்துருக்குன்னு அரசாங்கமே அறிவிச்சாச்சு, பஸ்ல ஏறுனா பாதி பேர் மூஞ்சில மாஸ்க். அந்த நேரத்துல தாம்வேல இருக்குற எங்க அத்தை வீட்டுல ஒரே வாரத்துல ரெண்டு பேர் படுத்தாங்க. அத்தையோட பேரனுக்கு 14 வயசு, அவன் ஒரு வாரத்துக்குள்ள எந்திரிச்சு உக்காந்து மொஹிங்கா நூடுல்ஸ் வேணும்னு கேட்டுட்டான். அத்தைக்கு 58. அவங்க 19 நாள் ஆஸ்பத்திரில கெடந்தாங்க, அதுல முதல் நாலு நாள் எங்க வீட்டுல யாரும் யார்கிட்டயும் வாய்விட்டுப் பேசிக்கலை.

நான் ஒரு தனியார் லேப்ல ரத்தம் பாக்குறவ, இந்த வேலைக்கு வந்து பல வருஷம் ஆச்சு. ஒரே வீடு, ஒரே அடுப்பு, பேரன்கிட்ட இருந்துதான் பாட்டிக்கு ஒட்டிருக்கு, அப்போ வைரஸும் ஒன்னுதான். பின்ன ஏன் ஒருத்தனை அஞ்சு நாள்ல விட்டுட்டு இன்னொருத்தரைச் சாவு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு? வயசு, சக்கரைன்னு எல்லாரும் சொன்னாங்க. அதுவும் உண்மைதான், ஆனா அதோட முடிச்சுட்டா அத்தை அலமாரில இருந்த அந்த மாத்திரைப் பொட்டலத்தைப் பத்தி யாரும் பேசாமலே போயிருவாங்க. அதைப் பேசணும்னுதான் இதை எழுதுறேன். அத்தைகிட்ட கேட்டு, அவங்க சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன், ஆளுங்க பேர், கிளினிக் பேர், ஆஸ்பத்திரி பேர் எதுவும் போடலை.

முதல்ல பேரன். சனிக்கிழமை டியூஷன் முடிஞ்சு வரும்போதே நடுங்கிக்கிட்டு வந்தான், சாயங்காலம் காய்ச்சல் 103. உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, வறட்டு இருமல், ரெண்டு நாள் தலையைத் தூக்க முடியலை. மழைக்காலம்ங்கறதால எங்க எல்லாருக்கும் டெங்கு பயம், ஞாயித்துக்கிழமையே நான் போய் ரத்தம் எடுத்துட்டு வந்தேன். டெங்கு இல்லை, தட்டணு சரியா இருந்துச்சு, வெள்ளை அணு மொத்தம் 4,800, அதுல லிம்ஃபோசைட்ங்கற வகை 18 சதவீதம். கொஞ்சம் கம்மிதான், ஃப்ளூவோட முதல் நாட்கள்ல அப்படித்தான் எறங்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி வேர்த்துக் கொட்டி காய்ச்சல் எறங்குச்சு, அதுக்கு அப்புறம் இருமல் மட்டும் ரெண்டு வாரம் இருந்துச்சு. பாராசிட்டமால், கஞ்சி, தூக்கம், இதுக்கு மேல அவனுக்கு யாரும் எதுவும் குடுக்கலை.

அவன் தலைமாட்டுல உக்காந்து ஈரத்துணி போட்டது பூரா அத்தைதான். அவனுக்குக் காய்ச்சல் எறங்குன அதே செவ்வாய்க்கிழமை அத்தைக்கு ஆரம்பிச்சுச்சு. ஆனா பாத்தா ஒன்னுமே இல்லாத மாதிரி. காய்ச்சல் 99.6, கொஞ்சம் அசதி, தொண்டைக் கரகரப்பு. "எனக்கு என்ன பாப்பா, கெழட்டு ஒடம்பு, காய்ச்சல் கூட பயந்துக்கிட்டு வர மாட்டேங்குது"ன்னு சிரிச்சாங்க. புதன்கிழமை முறுக்கு மாவு பெசைஞ்சு ரெண்டு டப்பா சுட்டு கடைக்கு அனுப்பியும் விட்டாங்க. வியாழக்கிழமை அசதி தாங்காம பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போனாங்க, அங்க ஒரு ஊசி, அதுல என்ன இருந்துச்சுன்னு சீட்டுல எழுதலை. போட்ட அரை நாள் அத்தை அப்படி ஒரு தெம்பா இருந்தாங்க. வெள்ளிக்கிழமை வாந்தி, எது குடுத்தாலும் நிக்கலை, மாடிப்படி ஏறும்போது நடுவுல உக்காந்துட்டாங்க. சனிக்கிழமை மத்தியானம் உதடு கறுத்துப் போச்சு. விரல்ல மாட்டுற அந்தச் சின்ன மெஷின்ல ஆக்சிஜன் 82.

மச்சான் டாக்ஸி பிடிச்சுட்டு வந்தார். எக்ஸ்ரேல ரெண்டு நுரையீரலோட கீழ்ப்பாதியும் வெள்ளை வெள்ளையா பஞ்சு அடைச்ச மாதிரி இருந்துச்சு. சக்கரை 380. தொண்டைல குச்சி விட்டு எடுத்து பிசிஆருக்கு அனுப்பிட்டு, முடிவு வர்றதுக்கு முன்னாடியே டாக்டர் ஓசெல்டாமிவிர்ங்கற ஃப்ளூ மருந்தை 75 மில்லிகிராம் காலை மாலை ஆரம்பிச்சுட்டார், அது ரொம்ப சரியான முடிவு, ஏன்னா அந்த மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ள போகுதோ அவ்வளவுக்கு வேலை செய்யும், முதல் 48 மணி நேரத்துக்குள்ள போனா ரொம்ப நல்லது, அத்தைக்கு அது ஏற்கனவே தாண்டிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு வந்த முடிவு எச்1என்1, 2009ல உலகம் பூரா சுத்துன அதே வகை.

அத்தையோட ரத்த ஸ்லைடை நான் கேட்டு வாங்கி எங்க லேப்ல நானே பாத்தேன். மெஷின் எண்ணிக் குடுத்துருந்துச்சு, இருந்தாலும் கண்ணால பாக்கணும்னு தோணுச்சு. மைக்ரோஸ்கோப்ல வெள்ளை அணுவை நூறு எண்ணுவோம், அதுல லிம்ஃபோசைட் சாதாரணமா 20ல இருந்து 40 வரைக்கும் வரும். எனக்கு வந்தது 4. மொத்த வெள்ளை அணு 11,200, அப்போ ஒரு மைக்ரோலிட்டருக்கு 450 கிட்ட, குறைஞ்சது 1,000 இருக்கணும். அதை விட என்னைப் பயமுறுத்துனது வேற ஒன்னு. லிம்ஃபோசைட்ல சிலது மத்ததை விடப் பெருசா இருக்கும், வெளிர்நீல உடம்பு, அந்த நீலத்துக்குள்ள குங்குமத்தை ரெண்டு விரலால எடுத்துத் தூவின மாதிரி செவப்பு ஊதாப் பொடி. வைரஸ் புகுந்த செல்லைக் கொல்லுற என்கே செல்லோட முகம் அதுதான். அதே வேலை செய்யுற இன்னொரு வகையான கொல்லி டி செல்லுக்கும் இதே பொடி இருக்கும், அதனால இதைப் பாத்து இது இன்னதுன்னு கணக்குச் சொல்லக் கூடாது, அதுக்கு செல்லை வகை பிரிச்சு எண்ணுற ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷின் வேணும், அத்தைக்கு அது பண்ணலை. ஆனா பேரனோட ஸ்லைடை எடுத்து வச்சுப் பாத்தா பொடி போட்ட செல் தேடாமலே கண்ணுல பட்டுச்சு. அத்தையோட ஸ்லைடுல ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் தேடுனேன், ஒன்னு கூட இல்லை.

இந்த என்கே செல்னா என்னன்னு கொஞ்சம் நிதானமா சொல்லணும், இது புரியலைன்னா மத்தது எதுவும் புரியாது. நேச்சுரல் கில்லர், பிறவிலயே கொல்லத் தெரிஞ்சதுன்னு அர்த்தம். 1975ல ஸ்வீடன்ல ரோல்ஃப் கீஸ்லிங் ஆளுங்களும் அமெரிக்காவுல ரொனால்ட் ஹெர்பர்மன் ஆளுங்களும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. எலியோட மண்ணீரல் செல், முன்ன பின்ன பாக்காத புத்துநோய் செல்லைக் கூட எந்தப் பயிற்சியும் இல்லாம கொன்னுச்சு. நம்ம ரத்தத்துல இருக்குற லிம்ஃபோசைட்ல இது 5ல இருந்து 15 சதவீதம், நுரையீரல்லயும் நிறைய சுத்திக்கிட்டு இருக்கும்.

யாரைக் கொல்லணும்னு இதுக்கு எப்படித் தெரியுது? பர்மாவுல வளந்தவங்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்குறது சுலபம். ஒவ்வொரு வீட்டுலயும் குடும்பப் பட்டியல் இருக்கும், ராத்திரில வார்டு ஆளுங்க வந்து கதவைத் தட்டி பட்டியலைக் காட்டுன்னு கேப்பாங்க, காட்டுனா போயிருவாங்க. நம்ம உடம்புல கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லும் தன் மேல எம்எச்சி கிளாஸ் ஒன்னுங்கற அட்டையை மாட்டி வச்சுருக்கும். என்கே செல் வந்து தட்டும், அட்டை இருந்தா அடுத்த வீட்டுக்குப் போயிரும். அட்டை இல்லைன்னா சந்தேகம். வைரஸ் புகுந்த செல், புத்து செல் எல்லாம் அட்டையை ஒளிச்சு வைக்குறது உண்டு, டி செல் கண்ணுல படக் கூடாதுன்னு, ஆனா ஒளிச்ச உடனே என்கே செல் கையில மாட்டும். க்ளாஸ் கார்ரேன்னு ஒரு ஸ்வீடன்காரர், அவரும் கூட இருந்தவங்களும் 1986ல இதைச் சோதனை பண்ணிக் காட்டுனாங்க.

ஆனா ஃப்ளூ வைரஸ் அட்டையைப் பெருசா ஒளிக்குறது இல்லை. அப்போ காவல்காரன் எதை வச்சுப் பிடிப்பான்? ஃப்ளூ புகுந்த செல், புது வைரஸை வெளிய தள்ளுறதுக்கு முன்னாடி ஹீமக்ளூட்டினின்ங்கற முள்ளைத் தன் தோல் மேலயே நட்டு வைக்கும், எச்1என்1ல வர்ற எச் அதுதான். அந்த முள்ளை என்கே செல்லோட என்கேபி46ங்கற கை நேராப் பிடிக்குதுன்னு 2001ல எருசலேம்ல ஓஃபர் மாண்டல்பாய்ம் குழு காட்டுச்சு. 2006ல அதே குழுல இருந்து இன்னொன்னு வந்துச்சு. அந்தக் கை இல்லாத எலியை உண்டாக்கி ஃப்ளூ குடுத்துப் பாத்தாங்க, கை இருக்குற எலி தப்பிக்குற அளவு வைரஸுக்கே இதுங்க செத்துப் போச்சு. என்கே செல்லுக்கு ஃப்ளூல வேலை இருக்கான்னு கேட்டா நான் இதைத்தான் முதல்ல சொல்வேன்.

பிடிச்ச பிறகு நடக்குறது ரொம்பக் கிட்டத்துல நடக்குற சமாச்சாரம். என்கே செல் அந்தக் கெட்டுப்போன செல் மேல ஒட்டி நிக்கும், உள்ள இருக்குற அந்த ஊதாப் பொடி பூரா ஒட்டுன பக்கமா ஒதுங்கும், அப்புறம் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற இடுக்குல கொட்டும். அதுல பெர்ஃபோரின்னு ஒன்னு செல்லோட தோல்ல ஓட்டை போடும், கிரான்சைம்னு இன்னொன்னு ஓட்டை வழியா உள்ள போய் செல்லைத் தானாவே சாக வைக்கும். செல் வெடிக்காம சுருங்கிச் சாகுது, உள்ள இருக்குற வைரஸ் பாதி கட்டுனதோட நின்னுரும். கூடவே காமா இன்டர்ஃபெரான்னு ஒரு சத்தம் போட்டு மத்த செல்லுங்களை எழுப்பி விடும்.

இதுல நேரம்தான் எல்லாம். ஃப்ளூ வைரஸ் புகுந்த செல் ஒன்னு எட்டு மணி நேரம் போல போச்சுன்னா புது வைரஸைக் கக்க ஆரம்பிச்சுரும், அது அடுத்த செல், அடுத்த செல்னு பரவும். முன்ன பாக்காத வைரஸுன்னா கொல்லி டி செல் தயாராகி நுரையீரலுக்கு வந்து சேர அஞ்சு நாள், ஏழு நாள் ஆகும், ஆன்டிபாடி அதுக்கும் மேல. அது வரைக்கும் கோட்டையைப் பிடிச்சு வைக்குறவங்கள்ல இந்த என்கே செல்தான் முன்வரிசை, வைரஸ் புகுந்துருச்சுன்னு செல்லுங்க போடுற இன்டர்ஃபெரான் சத்தம் கூப்பிட்டா முதல் ரெண்டு மூணு நாள்லயே வந்து நிக்கும். பேரனுக்கு 103 டிகிரி அடிச்சதும் உடம்பு வலிச்சதும் வைரஸ் கடிச்சதால இல்லை, இன்டர்ஃபெரானும் அது மாதிரி ஆளுங்களும் போட்ட கூப்பாடு அது. அவன் உடம்பு கத்துச்சு. அத்தை உடம்பு கத்தலை. 99.6னு பாத்து நாங்க எல்லாரும் நிம்மதியா இருந்தோம், நானும்தான், லேப்ல வேலை பாக்குறவளே அப்படி நெனச்சேன், அது இன்னைக்கும் எனக்கு மனசுல முள்ளாக் குத்துது.

ஏன் கத்தலைன்னு ஞாயித்துக்கிழமை விடியக்காலைல தெரிஞ்சுச்சு. மூணு மணிக்கு பிரஷர் 80க்கு 50. சலைன் ரெண்டு லிட்டர் ஓடியும் ஏறலை. முந்தின நாள் 380 இருந்த சக்கரை, இன்சுலின் கொஞ்சமாக் குடுத்ததுக்கே 74க்கு எறங்கிருச்சு. சோடியம் 127, பொட்டாசியம் சரியா இருந்துச்சு. நுரையீரல்ல இருந்த கிருமி ரத்தத்துல கலந்துருச்சோன்னுதான் முதல்ல நெனச்சாங்க. டியூட்டில இருந்த சயாமா, அதான் லேடி டாக்டர், சின்ன வயசுப் பொண்ணுதான், அத்தையோட முகத்தை உத்துப் பாத்துட்டு என்னைக் கூப்பிட்டாங்க. "இவங்க முகம் எப்பவுமே இப்படி வட்டமாவா இருக்கும்? கையில எல்லாம் ஏன் இப்படி நீலம் நீலமா கன்னிப் போயிருக்கு? வேற எதாவது மாத்திரை போடுறாங்களா?" மூணு வருஷமா நாங்க அத்தை நல்லா சதை போட்டுட்டாங்கன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தோம்.

விடியுறதுக்குள்ள தாம்வேக்கு ஓடுனேன். சாமி அலமாரிக்குக் கீழ, விபூதித் தட்டுக்குப் பக்கத்துல ஒரு பிஸ்கட் டின், அதுக்குள்ள பூரா சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலம். மேல சீட்டு இல்லை, பேர் இல்லை. ஒவ்வொன்னுலயும் அஞ்சு மாத்திரை: மஞ்சளா ஒன்னு பி விட்டமின் வாசம், ரோஸ் கலர்ல ஒன்னு வலி மாத்திரை, வெள்ளைல ஒன்னு, அப்புறம் அரிசி நொய் மாதிரி பொடிசா ரெண்டு. முட்டி வலிக்குன்னு மருந்துக் கடைல கட்டிக் குடுக்குற கலப்புப் பொட்டலம், காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு. "அதைப் போட்டா முட்டி பஞ்சாட்டம் ஆயிரும் பாப்பா, போடலைன்னா அடுப்புகிட்ட உக்கார முடியாது"ன்னு அத்தை முன்ன சொல்லிருக்காங்க, நான் வலி மாத்திரைன்னு விட்டுட்டேன். அந்தப் பொடிசு ரெண்டும் டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு, ஒன்னு அரை மில்லிகிராம். அப்போ ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம், ப்ரெட்னிசோலோன்ங்கற இன்னொரு ஸ்டீராய்டு கணக்குல 13 மில்லிகிராம் கிட்ட, மூணு வருஷம். இது போக வியாழக்கிழமை போட்ட அந்த ஊசி, அரை நாள் தெம்பை வச்சுப் பாத்தா அதுவும் ஸ்டீராய்டுதான்னு சயாமாவும் நெனச்சாங்க, நானும் நெனைக்குறேன்.

இதுல ரெண்டு விஷயம் கலந்து கெடக்கு, ரெண்டையும் பிரிச்சுச் சொல்லணும். ஒன்னு, அட்ரினல் சுரப்பி, உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டை அதுதான் சுரக்கும். வெளிய இருந்து ஸ்டீராய்டு கொட்டிக்கிட்டே இருந்தா நமக்கு வேலை இல்லைன்னு அது படுத்துரும். அத்தைக்கு வெள்ளிக்கிழமைல இருந்து வாந்தி, பொட்டலம் உள்ள போகலை, சுரப்பியும் தூங்குது, அதான் பிரஷர் விழுந்துச்சு. சயாமா பொட்டலத்தைப் பாத்த அஞ்சாவது நிமிஷம் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் நரம்புல போட்டாங்க, அப்புறம் ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா 50. சாயங்காலம் பிரஷர் 110. எந்த மருந்து அத்தையை இந்த நெலமைக்குக் கொண்டு வந்துச்சோ அதே குடும்பத்து மருந்துதான் அன்னைக்குக் காப்பாத்துச்சு. அதனால இதைப் படிச்சுட்டு யாரும் ரொம்ப நாளாப் போடுற பொட்டலத்தை ராத்திரியோட ராத்திரியா குப்பைல போட்டுறாதீங்க, உயிருக்கே ஆபத்து, பொட்டலத்தோட டாக்டர்கிட்ட போங்க, அவங்க கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்துவாங்க.

ரெண்டாவது, நான் சொல்ல வந்த விஷயம். ஸ்டீராய்டு, என்கே செல்லைக் கொல்லுறதை விட அதோட கையைக் கட்டிப் போடும். பெர்ஃபோரின், கிரான்சைம் தயாரிப்பைக் குறைக்கும், அந்தப் பொடிதான் அதோட ஆயுதமே. என்கே செல்லை எழுப்புற ஐஎல்12 மாதிரி செய்திகளை மத்த செல்லுங்க அனுப்பாம அமுக்கும். காய்ச்சலையும் அமுக்கும். டி செல்லோட எண்ணிக்கையை இன்னும் மோசமா எறக்கும். அதாவது வீட்டுக்குள்ள திருடன் புகுந்துட்டான், நாய் குரைக்கலை, காவல்காரன் கையில தடி இல்லை, வீட்டுக்காரங்க நல்லாத் தூங்குறாங்க. நுரையீரல்ல முதல் மூணு நாளும் வைரஸ் தன் இஷ்டத்துக்குப் பெருகிருக்கு. நாலாவது நாள் மூச்சு வாங்குனப்போதான் எங்களுக்கே தெரியுது. சக்கரையும் தன் பங்குக்கு இதைக் கெடுத்துருக்கும், அந்தச் சக்கரையே 380 வரைக்கும் போனதுல ஸ்டீராய்டுக்கும் பங்கு இருக்கு.

ஃப்ளூல செத்துப் போன கைக்குழந்தைங்களோட நுரையீரலை ஆராய்ச்சி பண்ணி 2007ல ஒரு கட்டுரை வந்துச்சு. அந்த நுரையீரல்ல வைரஸ் நிறைஞ்சு கெடந்துச்சு, கொல்லி டி செல்லும் என்கே செல்லும் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நம்ம படை வெறி பிடிச்சு அடிச்சதாலதான் குழந்தை செத்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்த பல பேருக்கு அது பெரிய அதிர்ச்சி, அந்தக் குழந்தைங்க விஷயத்துல படையே வந்து சேரலை. பிறவிலயே என்கே செல் இல்லாத ஒரு டீன்ஏஜ் பொண்ணைப் பத்தி 1989ல எழுதுனாங்க, அவளுக்கு சின்னம்மை, சிஎம்வி, ஹெர்பிஸ்னு ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒவ்வொன்னும் உயிர் போற அளவுக்கு வந்துச்சு. ஃப்ளூக்கு கிட்ட வர்ற கதை 2015ல வந்தது, ஃபிரான்ஸ்ல ரெண்டரை வயசுக் குழந்தை, ஐஆர்எஃப்7ங்கற ஜீன் ரெண்டு பக்கமும் கெட்டுப் போயிருந்துச்சு, அதனால இன்டர்ஃபெரான் சத்தம் சரியாப் போட முடியலை, சாதாரண ஃப்ளூ அவளை வென்டிலேட்டருக்குக் கொண்டு போச்சு. என்கே செல் இருந்தா மட்டும் பத்தாது, அதைக் கூப்பிட ஆள் வேணும். அத்தைக்கு ஜீன்ல கோளாறு எதுவும் இருந்ததா நான் நெனைக்கலை, நொய் மாதிரி இருந்த அந்த ரெண்டு மாத்திரையே கூப்பிடுறவன் வாயைப் பொத்திருச்சு.

இதைச் சொன்னா உடனே சில பேர் என்கே செல்லை ஏத்துற டானிக் எதாவது இருக்கான்னு கேக்குறாங்க, கடைல அப்படி எழுதி ஒட்டுன டப்பாவும் நான் பாத்துருக்கேன். வேண்டாம். எலிக்கு ரொம்ப அதிகமா வைரஸ் குடுத்த சோதனைகள்ல என்கே செல்லை எடுத்துட்டா எலி பொழைச்சுச்சு, இருந்தா நுரையீரலே புண்ணாகிச் செத்துச்சு. அளவான தொற்றுல காப்பாத்துறவன் கட்டுமீறிப் போன தொற்றுல வீட்டையே இடிக்குறான். அதனால இதைக் கண்டபடி தட்டி எழுப்புறதும் ஆபத்து, கண்டபடி தூங்க வைக்குறதும் ஆபத்து. கொரோனாவுக்கு டெக்ஸா குடுத்தாங்களே, ஃப்ளூக்குக் குடுத்தா என்னன்னு ஒரு கேள்வியும் வரும். 2020ல இங்கிலாந்துல நடந்த ரெக்கவரி ஆய்வுல டெக்ஸா உயிர் காத்தது ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவங்களுக்குத்தான், ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு ஒரு லாபமும் இல்லை. ஃப்ளூல ஸ்டீராய்டு குடுத்தவங்க மத்தவங்களை விட அதிகமாச் செத்துருக்காங்கன்னுதான் இதுவரைக்கும் தொகுத்துப் பாத்தவங்க சொல்றாங்க, ரொம்ப முடியாமப் போன ஆளுங்களுக்குத்தான் அதைக் குடுப்பாங்கங்கறதால முழுப் பழியையும் அது மேல போட முடியாது, ஆனா நல்லது பண்ணுச்சுன்னு காட்டுறதுக்கும் ஒன்னும் இல்லை. அத்தைக்குப் போட்ட ஹைட்ரோகார்ட்டிசோன் ஃப்ளூக்கு இல்லை, தூங்கிப் போன சுரப்பிக்கு.

ஓசெல்டாமிவிர் பத்தி ஒரு சின்ன விஷயம், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. எச்1என்1ல அந்த என் இருக்கே, நியூராமினிடேஸ், அது ஒரு கத்தரிக்கோல். புது வைரஸ் செல்லை விட்டுக் கெளம்பும்போது ஒட்டிக்காம இருக்க, செல் மேல இருக்குற சர்க்கரைக் கொக்கிகளை வெட்டி விடும். ஓசெல்டாமிவிர் அந்தக் கத்தரிக்கோலை மூட விடாது, வைரஸ் பரவ முடியாது, இது எல்லாருக்கும் தெரிஞ்சது. 2013ல மாண்டல்பாய்ம் குழு இன்னொன்னையும் காட்டுச்சு: என்கே செல்லோட என்கேபி46 கையிலயும் அதே சர்க்கரைக் கொக்கிதான், வைரஸ் தன் கத்தரிக்கோலால அதையும் நறுக்கி விட்டுருது, அதனால காவல்காரன் முள்ளைப் பிடிக்க முடியாம வழுக்குறான். மருந்து போட்டா கொக்கி தப்பிக்குது, பிடி மறுபடி கெடைக்குது. ஒரே மாத்திரை ரெண்டு பக்கமும் வேலை செய்யுதுன்னு அன்னைக்கு ஆஸ்பத்திரி வராந்தால உக்காந்து மச்சான்கிட்ட சொன்னேன், அவர் என்னைப் பாத்துட்டு "பொழைப்பாங்களா, அதைச் சொல்லு"ன்னார். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

ஓசெல்டாமிவிர் பத்து நாள் ஓடுச்சு, மூக்குல வேகமா ஆக்சிஜன் விடுற குழாய், குப்புறப் படுக்க வச்சு வச்சு எடுத்தாங்க, வென்டிலேட்டர் வரைக்கும் போகலை. ஆறாம் நாள்ல இருந்து ஆக்சிஜன் தேவை குறைஞ்சுச்சு, லிம்ஃபோசைட் 450ல இருந்து 700, அப்புறம் 1,100. பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு. அதுக்கு அப்புறம் ஸ்டீராய்டைக் குறைக்க எட்டு மாசம் ஆச்சு. அந்த எட்டு மாசம்தான் அத்தைக்கு உண்மையான கஷ்டம், முட்டி வலி பூரா திரும்பி வந்துச்சு, ராத்திரில அழுவாங்க, அந்த டின்னை எங்க வச்சீங்கன்னு மருமகள்கிட்ட கேட்டுச் சண்டை. முட்டிக்கு உடற்பயிற்சி சொல்லிக் குடுக்க ஒருத்தங்க வந்தாங்க, மச்சான் அடுப்பு மேடையை ஒசத்திக் கட்டி ஸ்டூல் போட்டுக் குடுத்தார், தரையில உக்காந்து சுடுறது நின்னுச்சு. எடை குறைஞ்சுச்சு. சக்கரை மாத்திரை பாதியாச்சு. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்.

2018 மார்ச்சுல காலைல எட்டு மணிக்கு எடுத்த கார்ட்டிசால், அந்தச் சுரப்பி சுரக்குற ஸ்டீராய்டு, 14 வந்துச்சு, சுரப்பி எந்திரிச்சுருச்சுன்னு டாக்டர் சொல்லி கடைசி மாத்திரையையும் நிறுத்துனார். மே மாசம் மழைக்கு முன்னாடி வீட்டுல எல்லாருக்கும் காசு குடுத்து ஃப்ளூ ஊசி போட்டோம். ஊசியால வர்ற ஆன்டிபாடி வைரஸைத் தடுக்குறதோட நிக்காது, தொற்று புகுந்த செல் மேல போய் ஒட்டிக்கிட்டு வால் நீட்டும், அந்த வாலை என்கே செல்லோட சிடி16ங்கற இன்னொரு கை பிடிச்சுக்கும், அப்போ முள்ளைத் தேடிக்கிட்டு இருக்க வேண்டியது இல்லை. ஊசி போடும்போது இதை அத்தைகிட்ட சொன்னேன், "உன் செல்லுக்கு எத்தனை கைடி பாப்பா"ன்னு கேட்டாங்க.

கார்ட்டிசாலுக்கு எடுத்த அன்னைக்கே ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடும் போட்டுருந்தேன், யாரும் கேக்கலை, எனக்காக. நூறு எண்ணுனேன். லிம்ஃபோசைட் 31. அதுல மூணு பெருசு, வெளிர்நீலம், உள்ள குங்குமப் பொடி. அந்த மூணையும் ஒவ்வொன்னா எண்ணெய் லென்ஸ்ல வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு அத்தைக்குப் போன் போட்டேன், அடுப்புல எண்ணெய் காயுற சத்தம் கேட்டுச்சு, "இருக்கு அத்தை"ன்னேன். "எத்தனை?"ன்னாங்க.